காகம் குருவி இல்லாத றோட்டு

எங்கள் கட்டடத்துத் தில்லைநாதன் ரொறன்ரோவில் இரண்டு தரம் டிரைவிங் டெஸ்ட் பெயில். மூன்றாந்தரமும் கோட்டைவிட்டால், மிசிசாகாவில் கிடைத்த டிரைவர் வேலை போய்விடும். அதனால் விட்பி நகருக்கும் அப்பால் ஒரு சின்ன ஊரில் டெஸ்டுக்குப் பதிந்தார். அங்கிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறுகிற குட்டி றோட்டில் காகம் குருவிகூட இராது. அது அவர் கண்டுபிடித்த பரமரகசியம்.

"உது தெரிஞ்சால் எங்கடை சனம் படையெடுத்திடும். வாயைத் திறக்காதையும்" என்று மனைவி மனோன்மணியை நாள்தோறும் வெருட்டினார்.

டெஸ்ட் அன்று பார்த்தால், அவருக்கு முன்னால் ஒரு பழைய கொரோலா ஊர்ந்தது. அதற்கு முன்னாலும் வரிசையாகக் கார்கள். எல்லாம் கார் ஓடப் பழகுகிற ஆட்கள். முந்த வழியில்லை. ஊர்ந்தபடியே நெடுஞ்சாலையில் ஏறிய மனுசனை, பக்கத்தில் இருந்த பரிசோதகர் "வேகம் போதாது" என்று பெயிலாக்கினார்.

டெஸ்ட் நிலையத்துக்குத் திரும்பிய தில்லைநாதன் கார்க் கதவை அடித்துச் சாத்தினார். காத்திருந்த மனோன்மணிமீது பாய்ந்தார்.

"ஆருக்கு உளறினனீர்?"

"சத்தியமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை!"

"அப்ப உந்தச் சனமெல்லாம் சாத்திரம் கேட்டோ வந்தது?"

அதற்குள் கொரோலாவில் இருந்து இறங்கி ஓடிவந்தான் கீழ்வீட்டுப் பேனாட்.

"தில்லை அண்ணை! பேர்த்டே பார்ட்டியிலை நீங்கள் காதுக்குள்ளை சொன்ன றோட்டு திறம்! எனக்கு மட்டும்தான் சொன்னனீங்கள் எண்டு நினைச்சன். முன்னாலை போன அத்தனை பேரும் உதையேதான் சொல்லுகினம்!"