ஜெப போனில் ஒரு புகார்

சோபா தைக்கிறவர் பட்டறைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டார். கையளவு ஃபோம் வெட்டி போனின் வாயில் வைத்தார். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கஷ்டம் சொல்கிறவர்களுக்காக ஜெபிக்க சபை வைத்திருக்கும் ஜெப போன் நம்பரை அழுத்தினார்.

மறுமுனையில் எடுக்கப்போவது அவருடைய சொந்த மனைவி. சாயங்காலமானால் அவளுக்கு அங்கேதான் ஊழியம்.

வேறு என்ன செய்வார் மனுஷன்? வீட்டில் இவர் வாயைத் திறந்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நேற்று ஆராதனையிலோ பாஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தி, "காது கொடுத்துக் கேக்கறதுன்னா இந்த சிஸ்டர்கிட்டதான் கத்துக்கணும்" என்றார். சபையே கை தட்டியது. இவருக்கு வயிறு எரிந்தது.

"ஸ்தோத்திரம் பிரதர், சொல்லுங்க."

அடேயப்பா, என்ன குழைவு! கல்யாணமான புதுசில் கேட்ட குரல்.

"சிஸ்டர்... நான் வெளியூரு."

"சளி பிடிச்சிருக்கா பிரதர்?"

"இல்ல, என் குரலே இப்படித்தான். என் சம்சாரம் என் பேச்சைக் காதுலயே வாங்கறதில்ல சிஸ்டர்."

"மனசு விட்டுச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கொட்டித் தீர்த்தார். ஃபேனை மூணில் வை என்றால் அஞ்சில் வைக்கிறாள். அக்கா வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். குழம்பு நன்றாயில்லை என்று சொன்னால் மறுநாளும் அதே குழம்பு.

அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "ம்... அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். மூக்கு வலித்தது. கை மாற்றிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். மனசு லேசாகிவிட்டது.

"அந்தம்மாவுக்கு இரக்கமே கிடையாதா பிரதர்?"

"கல்நெஞ்சுக்காரி சிஸ்டர்!"

"ஜெபம் பண்றீங்களா?"

"தினமும். அவளைப் பத்தி ஒண்ணு விடாம ஆண்டவர்கிட்ட சொல்லிடுவேன்."

"என்ன சொன்னார்?"

"யாரு?"

"ஆண்டவர்."

இவர் முழித்தார். "அவர் பேசறதுக்குள்ள ஆமென் போட்டு எந்திரிச்சிடுவேன் சிஸ்டர். பட்டறையில வேலை கிடக்குமே."

"சரி, உங்க வீட்டம்மா பேசினா என்ன பண்ணுவீங்க?"

"அவ எந்நேரமும் ஏதாவது பேசுவா. நான் ஆணி அடிச்சுக்கிட்டே 'ம்' கொட்டிடுவேன். அவளுக்கும் திருப்தி."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

மூக்கிலிருந்து விரல் தானாக இறங்கியது.

காலையில் பட்டறை வாசலில் நின்று ஏதோ சொன்னாள்தான். நேற்றும் சொன்னாள். உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"தெரியலையே..."

சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டார்.

அவள் அதே குழைவோடு கேட்டாள்.

"நாளன்னிக்கு உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன், பிரதர். துணைக்கு யாரு வருவாங்கன்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"