குட்டிப் போப்

“அந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது ஃபாதர்!”

பங்குத் தந்தை சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து வந்து நின்றார் மறைக்கல்வி ஆசிரியர். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘குட்டிப் போப்’ என்று பெயர். சொன்னால் சொன்னதுதான், திருத்தமே கிடையாது.

“எந்தப் பொண்ணு?”

“மருந்துக் கடையில வேலை பாக்குதே, அதுதான். ஞானஸ்நானத்துக்குத் தயார் பண்ற வகுப்புல, போப்பால தப்பே பண்ண முடியாதுன்னு பாடம் எடுக்கறேன். ‘அப்போ அவர் எதுக்கு சார் இன்னொரு சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றாரு?’ன்னு எல்லார் முன்னாடியும் கேக்குது! வெளியே போன்னுட்டேன்.”

“ஞானஸ்நானம் முடிஞ்சாதான் கல்யாணம்னு மாப்பிள்ளை வீட்டுல கறாரா சொல்லிட்டாங்களே...”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“சரி, பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார் ஃபாதர்.

அந்தப் ‘பாக்கலாம்’ என்பதையே வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு போனார் ஆசிரியர். மறுநாளே அந்தப் பெண் ஃபாதரின் அறையிலிருந்து வெளியே வந்தாள். இவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு நழுவினாள்.

“போட்டுக் கொடுத்துட்டா!” என்று வீட்டுக்கு வந்து குதித்தார். “இத்தனை வருஷமா நான் எடுக்கற வகுப்பைப் பிடுங்கப் பாக்கறாங்க.”

“நீங்க சொன்னது சரின்னா எதுக்கு இந்தப் பயம்?” என்றாள் மனைவி.

அவர் பாடப் புத்தகத்தை எடுத்து அலமாரிக்குள் தள்ளினார். கொஞ்ச நேரம் முன்புதான் அதைப் புரட்டிப் பார்த்திருந்தார்; அவர் சொன்னபடி அதில் இல்லை.

ஞாயிறு பூசை. பிரசங்கத்தில் ஃபாதர் தொண்டையைச் செருமினார். ஆசிரியர் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“போப்போட ‘தவறா வரம்’, அதாவது தப்பில்லாம போதிக்கிற வரத்தைப் பத்தி இந்தப் பங்குல தப்பா சொல்லிக் கொடுத்திருக்கோம். விசுவாசத்துலயும் ஒழுக்கத்துலயும் மொத்தத் திருச்சபைக்கும் இதுதான் முடிவுன்னு அவர் போதிக்கும்போதுதான் அந்த வரம். மத்தபடி அவரும் மனுஷர், பாவசங்கீர்த்தனம் பண்றவர். இங்கே போதிக்கிற பொறுப்பு என்னோடது. அதனால தப்பும் என்னோடது. மன்னிச்சிடுங்க.”

தன் பெயரே வராதது ஆசிரியருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. பூசை முடிந்ததும் ஃபாதரை மடக்கினார்.

“என்னைப் பத்தி என்னதான் கோள் சொல்லுச்சு அந்தப் பொண்ணு?”

“வகுப்புல நடந்ததை நீங்கதானே வந்து சொன்னீங்க? அவங்க அதைப் பத்தி மூச்சே விடலை.”

“அப்புறம் எதுக்கு உங்க ரூமுக்கு வந்துச்சு?”

“தன் ஞானஸ்நானத்துல அப்பா ஸ்தானத்துல, ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லி உங்ககிட்ட கேக்கணுமாம், நேர்ல கேக்கப் பயமாம். ‘எனக்கு அப்பா இல்ல ஃபாதர். நான் தப்பு பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்றவர் சார் ஒருத்தர்தான்’னு சொன்னாங்க.”