உச்சி வெயிலில் பார்த்த வீடு

கரிசல் காட்டில் நிறைமாச எலி ஒன்று இருந்தது. போன கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்தபோது, அதன் வளைக்குள் பாம்பு புகுந்து ஆறு குட்டிகளையும் தின்றுவிட்டது. இந்தத் தடவை ஆயத்த வீடுதான் என்று எலி முடிவு கட்டியிருந்தது.

வீடு காட்டக் காக்கா வந்தது. வெயில் ஏறும் முன்பே தகர டப்பா ஒன்றை உருட்டிக் கொண்டுவந்து வைத்தது.

"மண்ணு வெடிச்சாலும் இது வெடிக்காது தாயி. பிள்ளைக பெருகினா இன்னொரு டப்பாவைக் கோத்துக்கலாம். உள்ள வந்து பாரு, என்ன குளிர்ச்சி!"

எலி போய்ப் பார்த்தது. குளிர்ச்சிதான்.

"மத்தியானம் வரைக்கும் இது இங்கனயே கிடக்கட்டும் அண்ணே. பெறகு சொல்றேன்."

"யாராவது உச்சி வெயில்ல வீடு பாப்பாகளா?"

"உச்சி வெயில்லயும் நான்தான குடியிருக்கணும்!"

பொழுது உச்சிக்கு வந்ததும் எலி சொன்னது: "இப்ப நீங்க உள்ள போய் உக்காருங்க."

காக்கா வீறாப்பாகத் தகரத்தில் காலை வைத்தது. வைத்த வேகத்தில் கத்திக்கொண்டே பறந்துபோய் வேலிக்கருவை மரத்து மேல் உட்கார்ந்தது.

"உங்களுக்குக் கால் வைக்க முடியலை. இதுக்குள்ள நான் குட்டி போடணுமாக்கும்?"

காக்காவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப வெடிப்புக்குள்ளயே கிடந்து சாவு. இதை வாங்க இந்தக் காட்டுல ஆயிரம் எலி இருக்கு."

"இருக்கட்டும். இந்தத் தகரம் சுடுற கதையை அத்தனை பேருகிட்டயும் நான் சொல்லி முடிச்ச பெறகுதான் எனக்கு வலியே எடுக்கும்" என்ற எலி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வரப்பைப் பார்த்து நடந்தது.