நமுத்த சுருட்டு

"ஏல வன்னியராஜ், இங்கன வால!"

கொட்டுச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். கத்தாம என்ன செய்ய? கோயில்ல மத்தியானக் கொடை, ஊரே கூடி நிக்கி. சுடலைமாடன் அருள் வந்து சாமியாடி பூதத்தான் ஆடுதான். கையில குடுத்த சுருட்டு பத்திக்க மாட்டேங்கு.

பதினோரு தீக்குச்சி கிழிச்சாச்சு. நுனி கருகுது, இழுத்தா அணைஞ்சு போவுது. கட்டு முழுக்க அப்படித்தான்.

ஒண்ணை வாங்கிப் பார்த்தேன். எட்டு நாளைக்கு முன்ன, கொடைக்குக் கால்நாட்டு அன்னைக்கு நானே பொறுக்கி வாங்கினது. அப்போ சுண்டுவிரல் கனம். இப்போ பெருவிரல் கனத்துக்கு ஊதி, மேல் இலை வெடிச்சுக் கெடக்கு. சித்திரை வெக்கையில எட்டு நாள் கெடந்த சுருட்டு சுருங்கணுமா, ஊதணுமா?

"கோயில் சாவி ஒன் கையிலதான இருந்துச்சு? எங்கல வச்ச?"

"உள்ளதான் வச்சேன் பெரியப்பா." தலையைக் குனிஞ்சிட்டான்.

"கடையில வேற வாங்குவோமா?" ஒருத்தர் கேட்டாரு.

"கால்நாட்டுலருந்து சாமிகிட்ட இருந்த சுருட்டைத்தான் குடுக்கணும், தெரியாதா வே?"

கடைசியில பத்திக்காத சுருட்டையே வாயில கடிச்சுக்கிட்டு ஆடி, திருநீறு போட்டுட்டு சாமி மலையேறிட்டு.

மறுநாள் கூட்டம் போட்டோம்.

பூதத்தானுக்கு அடுத்து சாமியாட வேண்டியவன் வன்னியராஜ்தான். பூதத்தானோ போன மாசம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கெடந்து வந்தவன். டாக்டர் புகையே ஆகாதுன்னாரு. 'குடிக்கது நானா? சாமில்லா'ன்னு ஒத்தக்கால்ல நின்னு ஆட வந்தான். அவனை ஊர் முன்னால அவமானப்படுத்தி எடத்தைப் பிடிக்கப் பார்த்திருக்கான் இந்தப் பய.

"சொல்லுல, வேணும்னு செஞ்சியா?"

இடுப்புல இருந்த சாவியைத்தான் தடவிக்கிட்டிருந்தான்.

சாவியைப் பிடுங்கினோம். அடுத்த சாமியாடிங்கிற பேரையும் அடிச்சோம். அப்போதான் அவனுக்குக் கண்ணு கலங்கிச்சு. அந்த ஆட்டத்துக்காக எத்தனையோ வருஷம் காத்துக் கெடந்தவன். நல்லா அழட்டும்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

சாயங்காலம் மிச்சச் சுருட்டோட மேலப்பாளையம் போனேன், அசன் முகம்மது பாய் கடைக்கு.

"என்ன பாய், உங்க சரக்கு இப்படி ஊதுது?"

ஒண்ணை விரலால உருட்டிப் பார்த்தாரு. "புகையிலை ஈரத்தைக் குடிச்சா ஊதத்தான செய்யும் அண்ணாச்சி. பைய நிழல்ல காயப்போடுங்க, பழைய அளவுக்கு வந்துரும். ஏன், வன்னியராஜ் சொல்லலையா?"

"அவன் என்ன சொல்லணும்?"

"கால்நாட்டுக்கு மறுநாளே இங்க வந்தான். சுருட்டு தீப்பிடிக்காம இருக்க வழி கேட்டான். ஈரத்துணி சுத்திப் பானைக்குள்ள மூடி வைன்னேன். எதுக்குலன்னு கேட்டா, 'பூதத்தான் அண்ணனை ஆடாதன்னா மனசொடிஞ்சே செத்துப்போவாரு. புகை உள்ள போனாலும் செத்துப்போவாரு. ஆடட்டும் பாய், புகை மட்டும் வேண்டாம்'னான்."

சுருட்டுக் கட்டை மெதுவா எடுத்து மடியில வச்சேன்.

"தெரிஞ்சா ஒன் பேரை அடிச்சிருவாங்களேலன்னேன் அண்ணாச்சி. 'பேரு போனா போவுது பாய், அண்ணன் இருக்கட்டும்'னுட்டுப் போயிட்டான்."