கை எட்டும் உயரம்

“ஏம்மா, நான் பாத்த வரைக்கும் ரிமோட்டைத் தரைக்குப் பக்கத்துல மாட்டச் சொல்ற ஒரே வீடு இதுதாம்மா.”

பிளம்பர் துளை போடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். தானே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சூடான காற்று விட்டு உலர்த்தியும் விடும் புதுக் கழிப்பறை இருக்கையை மதியமே பொருத்தியாயிற்று. பாக்கி அதன் ரிமோட் மட்டும்தான். அதைச் சுவரில் மாட்டிவிட்டால் கிளம்பலாம். ஆனால் அந்த வீட்டுப் பெண்மணி பென்சிலால் போட்டிருந்த கோடு, தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் இருந்தது.

“அங்கதான் வேணும்” என்றாள் அவள்.

“வீட்ல குழந்தை இருக்கா?”

“இல்ல.”

“அப்ப பூனைக்கா?”

அவள் முறைத்த முறைப்பில் பிளம்பர் அவசரமாக ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவருக்கும் கோபம்தான். பதினெட்டு வருட அனுபவம். இந்த மாதிரி இருக்கை மட்டும் நாற்பது வீடுகளில் போட்டிருக்கிறார். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வீட்டுக்காரரை மூடியின் மேல் உட்கார வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொல்வார். விரல் சுவரில் எங்கே படுகிறதோ, அங்கே ரிமோட். இன்றுவரை ஒருவர்கூடத் திரும்பக் கூப்பிட்டுக் குறை சொன்னதில்லை.

“குனிஞ்சு குனிஞ்சு அமுக்கி இடுப்பு புடிச்சுக்கும். அப்புறம் ‘எந்தப் புண்ணியவான் மாட்டினான்’னு என்னைத்தான் திட்டுவாங்க. தண்ணி வேற தெறிக்கும்.”

“பேட்டரிதானே. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அட்டைல போட்டிருக்கு. பொத்தான் பெருசா இருக்கணும்னு கடைல ரெண்டு தடவை மாத்தி வாங்கினேன். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கேன்.”

“என்ன யோசனைன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்ல?”

“என் வீட்டுச் சுவத்துல எங்க ஆணி அடிக்கணும்னு ஊருக்கெல்லாம் காரணம் சொல்லணுமா? கடைக்காரர் கேட்டார். தச்சர் கேட்டார். இப்ப நீங்க. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுண்ணே.”

தச்சர் என்றதும் பிளம்பருக்கு இன்னொரு கோபம் நினைவுக்கு வந்தது.

“ஓ, அந்த ஆள் வேலைதானா இது? கதவுக்கு அடியில தாழ்ப்பாள். வந்ததும் என் கால் விரலைப் பேத்துடுச்சு.”

“அவரும் மேலதான் போடுவேன்னு நின்னார். கடைசில நான் சொன்ன இடத்துலதான் போட்டார்.”

“நான் தச்சர் இல்லம்மா.”

“இங்க பாருங்க. எட்டு மாசம் லீவு போட்டாச்சு. நாளைக்கும் போகலைன்னா எனக்கு வேலை இருக்காது. இது இன்னைக்கு முடிஞ்சாத்தான் நான் நாளைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப முடியும்.”

“நீங்க வேலைக்குப் போறதுக்கும் ரிமோட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? சரி, விடுங்க. சார் எங்க?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரில் நிற்கிற அவளுக்கு ‘ஏம்மா’. கண்ணாலேயே பார்த்திராத ஆளுக்கு ‘சார்’.

“சார் வந்து என்ன சொல்லணும்? தேடி வாங்கினது நான். அளந்து கோடு போட்டது நான். எட்டு மாசமா இந்த வீட்ல குழாய் சொட்டினாலும் பல்பு போனாலும் நான்தான் பாக்கறேன். வர்றவங்க எல்லாரும் எனக்குப் பின்னால எட்டிப் பாத்து, ‘சார் இல்லையா’ன்னுதான் கேக்கறீங்க. நான் பேசறது காதுல விழலையா, இல்ல விழுந்தாலும் கணக்குல சேராதா?”

“கோவிச்சுக்காதீங்க. அவர் வந்து உக்காந்து கையை நீட்டட்டும். படற இடத்துல மாட்டிட்டுப் போயிட்டே இருக்கேன். அது உங்க கோடாவே இருந்தாலும் சரி.”

அவள் கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

“வாக்கிங் போயிருக்கார். அஞ்சு மணிக்கு வருவார். அவரையே கேட்டுக்கங்க.”

வாசல் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பிளம்பருக்கு உள்ளூர சந்தோஷம். சார் வந்தால் இரண்டு நிமிட வேலை. தன் அனுபவத்துக்குச் சரியென்று பட்ட உயரத்தில் முன்கூட்டியே ஒரு புள்ளிகூட வைத்துக்கொண்டார். பிறகு குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தரையோடு தரையாகக் குனிந்தார்.

ஐந்து மணிக்கு வாசல் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கழிப்பறை வரை வந்து நின்றது. அவளும் எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

“வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்” என்றார் பிளம்பர், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த மூடி மேல உக்காருங்க. உக்காந்தாச்சா? இப்ப ரிமோட்டை அமுக்கறதா நினைச்சுக்கிட்டு சுவத்துப் பக்கமா நீட்டுங்க. அம்மாவும் பாக்கட்டும்.”

செருப்பு கழன்று விழுந்தது. பிளம்பரின் மூக்குக்கு நேரே ஒரு கால் நீண்டது. அதன் கட்டைவிரல் பென்சில் கோட்டின் மேல் இம்மி பிசகாமல் போய்ப் படிந்தது.

“கையை நீட்டச் சொன்னேன் சார்” என்று சிடுசிடுத்தபடியே நிமிர்ந்த பிளம்பரின் கண்ணெதிரே, சட்டையின் இரண்டு கைகளும் தோளோடு மடித்து ஊக்கு போடப்பட்டிருந்தன.