நாலு பிளக்கும் நனைந்திருந்தன

"பெட்ரோல் வண்டில டீசல ஊத்தியிருக்கீங்களே பாய்!"

கழற்றிய ஸ்பார்க் பிளக்கை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான் மெக்கானிக் அழகுமலை. அறந்தாங்கியைத் தாண்டியதும் வெள்ளைப் புகை கக்கி நின்றுபோன வேன் அது.

அபுபக்கர் திகைத்தார். காலம் முழுக்க டீசல் லாரி ஓட்டியவர். இந்தப் பெட்ரோல் வேனைப் போன மாதம்தான் வாங்கினார். காலையில் பெட்ரோல் பங்க்குக்குப் போய் வந்ததும் அவர்தான்.

"நாலு சிலிண்டர், நாலு பிளக். நாலும் நனைஞ்சு கெடக்கு," அழகுமலை ஒவ்வொன்றாகக் காட்டினான். "பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும், பத்திக்கும். டீசலுக்குக் காத்த நசுக்கிச் சூடேத்தணும். இந்த இன்ஜின் அவ்வளவு நசுக்காது. லைன்ல கெடந்த பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடியிருக்கு, அம்புட்டுதான்."

"வேற கார் பிடிக்கலாமே மாமா?" என்றாள் மருமகள் ஆஃப்ரீன்.

"இனி எந்தக் கார்ல போனாலும் திருச்சி ஏர்போர்ட்ல கவுண்டர மூடிருவான்," கணவன் ரியாசுதீன் வெடுக்கென்றான். தோளில் தூங்கிய மகள் ரூமானா அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

மகனின் சவுதி விசாவுக்காக ஏஜென்ட் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நின்றவர் அபுபக்கர். மகனும் மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருந்தான். காலையில் அவன் போட்ட அத்தரில் வேனே கமகமத்தது. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு போடல!" என்று ஆஃப்ரீன் கேலி செய்தபடியே ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"பழக்க தோசத்துல டீசல்னு சொல்லிட்டீங்களா அத்தா?" ரியாசுதீன் அருகில் வந்து கத்தினான். "எம் பொழப்பே போச்சே!"

"இல்லடா, நா பக்கத்துல நின்னு பாத்துதான் பெட்ரோல்..." என்று ஆரம்பித்த அபுபக்கர் சட்டென்று நிறுத்தினார். மகன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா. வயசாயிருச்சுல்ல, மறந்து சொல்லிட்டேன்."

"லாரி டிரைவருக்குப் பெட்ரோல் வண்டிய குடுத்தா இப்படித்தான் பாய்," என்று சிரித்த அழகுமலை, டேங்கை வடிக்கக் கேன் எடுத்து வரப் பைக்கைக் கிளப்பினான். ஆஃப்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கி, புளியமர நிழலுக்குப் போனாள்.

அபுபக்கர் பெட்டியைத் திறந்து புதுச் சட்டை ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"மாத்திக்கப்பா. அத்தரையும் மீறி டீசல் அடிக்குது."