மூன்று பேருக்குச் சொன்ன வாத்து

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. இன்னிக்கு ஒரு சாப்பாட்டுக் கதை சொல்றேன். வயிறு நிறையுமான்னு மட்டும் கேக்காதீங்க.

வாத்துத் தோல் அவள் பல்லுக்கிடையில் நொறுங்கியது.

சர்க்கரையில் தொட்ட தோல். முதலில் முறுக்கு மாதிரி உடைந்தது. அப்புறம் நெய்யாக உருகி, நாக்குக்கடியில் இறங்கிப் போனது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பினாங்குக்கு ஓடி வந்து ஏழு மாதம். கண்ணை மூடிச் சாப்பிட்டது இன்றைக்குத்தான்.

எதிரில் அண்ணன். கிள்ளானிலிருந்து இருட்டோடு காரை எடுத்தானாம்.

"காலைல எந்திரிச்சேன், உன் ஞாபகம் வந்துச்சு, கெளம்பிட்டேன்."

சின்ன வயதில் சீனக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் செக்கச்செவேலென்று வாத்து தொங்கும். அவள் நகர மாட்டாள். கையைப் பிடித்து இழுத்துப் போவது அண்ணன்தான். அதை மறக்காமல் பீக்கிங் வாத்து வாங்கித் தர வந்திருக்கிறானே!

மெல்லிய ரொட்டியை விரித்தான். கறுப்புச் சாஸ் தடவினான். இறைச்சி, வெங்காயத்தாள், ஒரு கீற்று வெள்ளரி. சுருட்டி அவள் தட்டில் வைத்தான்.

அவளால் சுருட்ட முடியாது. இடது மணிக்கட்டு மடங்காது.

அதை முறித்தது அவள் புருஷன். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இந்த அண்ணன். அவள் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆளும் அவன்தான்.

இரண்டாவது ரொட்டியைச் சுருட்டும்போது, தலை நிமிராமல் சொன்னான்.

"மச்சான் இப்ப பழைய ஆளு இல்ல தெரியுமா. தைப்பூசத்துக்கு மொட்டை போட்டாரு. குடிய விட்டாச்சு. முருகன் முன்னாடி சத்தியம் பண்ணி அழுதாரு, பாவமா இருந்துச்சு."

"சாமிக்கு முடியத்தானேண்ணே குடுத்தாரு. கையக் குடுக்கலியே."

அண்ணன் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தான்.

அவளுக்குப் பின்னால் வாசல்.

ஏழு மாதமாக எங்கே போனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள். பஸ்ஸில்கூடக் கதவுப் பக்கம். இன்றைக்கு அண்ணன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டான். இங்க உக்காரு, மீனப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம் என்றான்.

சுவரோரம் மீன் தொட்டி. சிவப்பு மீன் ஒன்று கண்ணாடியை முட்டி முட்டித் திரும்பியது.

அப்போதுதான் அந்தத் தட்டைப் பார்த்தாள்.

அண்ணனுக்குப் பக்கத்தில் மூன்றாவது தட்டு. நாலு துண்டு தோல். ஒரு சிட்டிகை சர்க்கரை. யாரும் தொடவில்லை.

செத்தவர்களுக்கு நாம் இலை போடுகிற மாதிரி இந்தச் சீனர்களுக்கும் ஒரு வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டாள். பாவி மகள், அப்படித்தான் நினைத்தாள். அம்மாவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டாள்.

கடைக்கார அம்மாள் தள்ளுவண்டியோடு வந்தாள். மலாயில் பேசினாள். முகமெல்லாம் பெருமை.

தோல் எப்படி? ஒரு நாள் பூராவும் காற்றில் தொங்கவிட்டால்தான் இப்படி வரும். நினைத்தவுடன் வந்து கேட்டால் எங்கள் கடையில் கிடைக்காது. இவர் விவரமானவர், நேற்றுக் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார், மூன்று பேருக்கு என்று. இன்னொருத்தர் எங்கே? ஆறிப் போகிறதே.

அண்ணன் தண்ணீர்க் குவளையை எடுத்தான். குடிக்காமல் வைத்தான்.

நேற்றுக் காலை.

நேற்றுக் காலைதான் அவளையும் கூப்பிட்டிருந்தான். சும்மாதான்மா கூப்பிட்டேன் என்றான். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, சலவைக் கடை வேலை எத்தனை மணிக்கு விடும்? எல்லாம் கேட்டான். சந்தோஷமாகச் சொன்னாள். சாயங்காலம் தனியாக எந்தக் கோயிலுக்குப் போவாள் என்பதைக்கூட, அவன் கேட்காமலே சொன்னாள்.

அந்த நேரம் வாத்து கழுத்தில் கொக்கியோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

இறைச்சி சீவிய வாத்தின் எலும்புக்கூட்டைக் காட்டி, சூப் வைக்கவா, வறுக்கவா என்று கேட்டாள் கடைக்கார அம்மாள்.

சூப் என்றான் அண்ணன்.

அவள் எழுந்தாள்.

"கை கழுவிட்டு வரேன்."

"சீக்கிரம் வாம்மா." கண் கலங்கியிருந்தது அவனுக்கு. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

கைப்பையை நாற்காலியிலேயே விட்டாள். பை இருந்தால் ஆள் திரும்பி வருவாள் என்று அண்ணன் நம்புவான்.

மீன் தொட்டிக் கண்ணாடியில் வாசல் கதவு திறந்தது.

ஒரு மொட்டைத் தலை.

சிவப்பு மீன் அதன் குறுக்கே மெதுவாகப் போனது.

அவள் ஓடவில்லை. கடைக்கார அம்மாள் தள்ளிப்போன எலும்பு வண்டிக்குப் பின்னால், வண்டி போகிற வேகத்திலேயே நடந்தாள். சமையலறையின் ஆடும் கதவு. ஆவி. அடுப்பின் இரைச்சல். கொக்கிகளில் நாளைக்கான வாத்துகள்.

கடைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். மடங்காத மணிக்கட்டைப் பார்த்தாள். பின்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டாள்.

வெளியே சந்து. நல்ல வெயில்.

உள்ளேயிருந்து நாற்காலி இழுபடும் சத்தம். "வாங்க மச்சான்."

வலது பக்கம் போனால் அவள் அறை. இடது பக்கம் சலவைக் கடை. நேரே போனால் கோயில்.

அண்ணனுக்குத் தெரியாத தெரு ஒன்றுகூட அவளிடம் இல்லை.

நாக்கில் இன்னும் அந்தச் சர்க்கரை இருந்தது.

அவ்வளவுதான், கண்ணுங்களா. எந்திரிச்சுப் போயிப் படுங்க. உங்க வீட்டுல உலை எப்பவும் கொதிக்கட்டும். நீங்க போடுற எலைய நீங்களே எண்ணிப் போடுற வீடா இருக்கட்டும். உங்க வாசலுக்கு, நீங்க கூப்பிட்டவங்க மட்டுமே வரட்டும்.